கை மாறி வரும் இலவச மென்பொருள்

ஜிப் கோப்பைப் பிரிக்கவும், பழைய வீடியோவை ஓட்டவும், இரண்டு பிடிஎஃப் ஆவணங்களை ஒன்றாக்கவும், தமிழில் தட்டச்சு செய்யவும் தேவைப்படும் சிறு நிரல்களைப் பெரும்பாலானோர் விலை கொடுத்து வாங்குவதில்லை. தேடுபொறியில் பெயரைத் தட்டி, மேலே வந்து நிற்கும் இணைப்பைச் சொடுக்கி, இறங்கிய கோப்பை அப்படியே நிறுவிக்கொள்கிறார்கள். இலவசமாக எடுப்பதில் தவறு ஏதுமில்லை. உலகின் மிகத் தரமான மென்பொருள்களில் பல உண்மையிலேயே காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் நிரலை எழுதியவருக்கும் அதைப் பயன்படுத்துபவருக்கும் இடையில் எத்தனை கைகள் இருக்கின்றன, அந்தக் கைகள் எதிலிருந்து வருவாய் தேடுகின்றன என்பதைப் பொறுத்தே பதிவிறக்கத்தின் பாதுகாப்பு அமைகிறது. இத்துறையில் பெரிதாகப் பேசப்பட்ட கேடுகள் பலவற்றில் ஆசிரியர் எழுதிய நிரலில் குற்றம் இருக்கவில்லை. வழியில்தான் கலப்படம் நடந்தது.

இலவசம் என்ற ஒரே சொல்லுக்குள் வேறுவேறு ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. ஆசிரியர் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பயன்படுத்துவதற்கு மட்டும் காசு கேட்காமல் விடும் நிரல் ஃப்ரீவேர், அதாவது இலவச மென்பொருள். சில நாட்களோ சில வசதிகளோ இலவசமாகத் தந்து, பிடித்திருந்தால் பணம் கட்டச் சொல்லும் நிரல் ஷேர்வேர். தமிழில் இதைப் பகிர்மென்பொருள் எனலாம். மூலநிரலையே, அதாவது நிரலாளர் எழுதிய வரிகளையே, யாரும் படிக்கவும் திருத்தவும் பரப்பவும் உரிமையோடு வெளியிட்டால் அது கட்டற்ற மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் தொடங்கிய குனூ திட்டத்திலிருந்து வளர்ந்த இந்தக் கடைசி வகையில் பேச்சு விலையைப் பற்றியதே அன்று, உரிமையைப் பற்றியது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் நேரும் குழப்பம் தமிழில் 'கட்டற்ற' என்ற சொல்லால் தீர்ந்துவிட்டது.

பகிர்மென்பொருளின் பிறப்பு விந்தையானது. 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்பவர் தொலைபேசி வழியாகக் கணினிகளை இணைக்கும் பிசி-டாக் என்ற நிரலையும், ஜிம் நாஃப் என்பவர் தகவல்களை அடுக்கிவைக்கும் பிசி-ஃபைல் என்ற நிரலையும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இலவசமாக வெளியிட்டு, பயன்படுத்துவோர் விரும்பினால் பணம் அனுப்பலாம் என்று நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தனர். ஃப்ரீவேர் என்ற சொல்லுக்கு ஃப்ளூகல்மன் வணிக உரிமை பெற்றுவிட்டதால் மற்றவர்களுக்கு வேறு சொல் தேவைப்பட்டது; மைக்ரோசாஃப்ட்டின் தொடக்ககால ஊழியர்களுள் ஒருவரான பாப் வாலஸ் தம்முடைய பிசி-ரைட் என்ற சொற்செயலியை அடுத்த ஆண்டு வெளியிட்டபோது ஷேர்வேர் என்ற பெயர் நிலைபெற்றது. பணம் கட்டிய ஒருவர் பிறருக்குக் கொடுத்த பிரதியிலிருந்து இன்னொருவர் பணம் கட்டினால், முதலாமவருக்கு ஒரு பங்கு தரகாகவும் வாலஸ் கொடுத்தார். கடையோ விளம்பரமோ இல்லாத இந்த முறையில் ஃப்ளாப்பி வட்டு கைக்குக் கை மாறுவதுதான் விற்பனை ஏற்பாடு. எத்தனை கை மாறுகிறதோ அத்தனைக்கு ஆசிரியருக்கு லாபம். டூம் என்ற விளையாட்டை 1993-இல் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்டபோதும் இதே வழியைத்தான் பின்பற்றியது: மூன்று பகுதிகளில் முதலாவது யாவருக்கும் இலவசம், மீதிக்குப் பணம். நாற்பது நாள் சோதனைக்காலம் முடிந்த பிறகும் வேலையை நிறுத்தாமல், வாங்கும்படி நினைவூட்டிக்கொண்டே இருக்கும் வின்ரார் அந்தப் பழைய நம்பிக்கையின் எச்சமாக இன்றும் பலருடைய கணினியில் உட்கார்ந்திருக்கிறது.

பரவலுக்கு உதவிய அந்தக் கைமாற்றமே கேட்டுக்கும் வாசலாயிற்று. 1985-ஆம் ஆண்டிலேயே, நல்ல நிரலைப் போலப் பெயர் வைத்து வட்டை அழிக்கும் நிரல்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று 'டர்ட்டி டஸன்' என்ற தலைப்பில் அமெரிக்கக் கணினி ஆர்வலர்களிடையே சுற்றியது. இணையம் வந்தபின் கைமாற்றும் பொறுப்பைப் பதிவிறக்கத் தளங்கள் ஏற்றுக்கொண்டன. ஆயிரக்கணக்கான நிரல்களை ஓரிடத்தில் குவித்து, வகை பிரித்து, மதிப்பெண் போட்டுத் தந்த அவற்றின் சேவை உண்மையானது. ஆனால் காசு கொடுக்காத வாசகரை வைத்துக்கொண்டு சர்வர் செலவைச் சமாளிக்க வேண்டிய நெருக்கடியும் அவற்றுக்கு இருந்தது.

அந்த நெருக்கடி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு இரு எடுத்துக்காட்டுகள் போதும். 1996 முதல் இயங்கிவரும் டவுன்லோட் டாட் காம் என்ற புகழ்பெற்ற தளம், 2011-ஆம் ஆண்டில் பிறருடைய நிரல்களைத் தன்னுடைய நிறுவி ஒன்றுக்குள் பொதிந்து கொடுக்கத் தொடங்கியது. நிறுவி என்பது நிரலைக் கணினியில் அமர்த்தித் தரும் கோப்பு, பேச்சுவழக்கில் செட்டப் ஃபைல். இந்தப் புதிய உறையோ கேட்ட நிரலோடு கேட்காத டூல்பாரையும் சேர்த்து அமர்த்தி, பிரவுசரின் முதற்பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றிவிட முனைந்தது. வலையமைப்புகளை ஆராய உதவும் என்மேப் என்ற நிரலின் ஆசிரியர் கோர்டன் லயன், தம் நிரலுக்கும் இதே கதி நேர்ந்ததை அந்த ஆண்டு டிசம்பரில் பகிரங்கமாகக் கண்டித்த பிறகே செய்தி ஊரறிந்தது. கட்டற்ற மென்பொருள்களின் தாய்வீடாகக் கருதப்பட்ட சோர்ஸ்ஃபோர்ஜ் தளமும் 2013-இல் இதே போன்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. படங்களைத் திருத்தும் கிம்ப் நிரலின் விண்டோஸ் பதிப்பைப் பராமரித்தவர்கள் மனம் கசந்து வெளியேறினர். அவர்கள் விட்டுச்சென்ற பக்கத்தைத் தளமே கைப்பற்றி விளம்பரம் பொதிந்த நிறுவியை வழங்கியது 2015-இல் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 2016-இல் உரிமை கைமாறியதும் புதிய உரிமையாளர்கள் செய்த முதல் வேலைகளுள் ஒன்று அந்த ஏற்பாட்டை ஒழித்தது.

பெரிய நிறுவனங்களும் இதில் கை நனைத்தவையே. ஜாவாவைப் புதுப்பிக்கப் போனவர்களுக்கு ஆஸ்க் டூல்பாரும், ஃப்ளாஷ் பிளேயரை இறக்கப் போனவர்களுக்கு மெக்காஃபியின் சோதனை நிரலும் பல ஆண்டுகள் கூடவே வந்தன. வைரஸ் எதிர்ப்பு நிறுவனங்கள் இத்தகைய ஒட்டுநிரல்களை 'வேண்டாதவையாக இருக்கக்கூடியவை' என்று வழுக்கலாகக் குறிப்பிடுவதற்குக் காரணம், சட்டப்படி பயனர் அவற்றுக்குச் சம்மதம் தந்திருக்கிறார் என்பதே.

அந்தச் சம்மதம் எப்படிப் பெறப்படுகிறது என்பதை நிறுவியின் சாளரத்தை நிதானமாகப் பார்த்தால் அறியலாம். 'எக்ஸ்பிரஸ்' என்ற தேர்வுக்குப் பக்கத்தில் 'பரிந்துரைக்கப்படுவது' என்று எழுதி, அதில் முன்கூட்டியே புள்ளி வைத்திருப்பார்கள்; 'கஸ்டம்' என்ற மற்றத் தேர்வு வல்லுநர்களுக்கு மட்டும் உரியது போன்ற தொனியில் மங்கிய எழுத்தில் இருக்கும். உண்மையில் ஒட்டுநிரல்களின் பட்டியலும் அவற்றின் பக்கத்தில் ஏற்கெனவே போடப்பட்ட டிக் குறிகளும் அந்தக் கஸ்டம் திரையில்தான் வெளிப்படும். அடுத்த திரையில் நீண்ட ஒப்பந்த வாசகமும் அதன் கீழே 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்ற பொத்தான்களும் வரும். மறுத்தால் நிரலே நிறுவப்படாது என்று நினைத்துப் பலர் ஏற்றுவிடுகிறார்கள், ஆனால் அந்த ஒப்பந்தம் கேட்ட நிரலுக்கு உரியதாக இல்லாமல் வேறெதற்கோ உரியதாக இருக்கும். தலைப்பில் உள்ள பெயரைப் படித்துவிட்டு மறுத்தாலும் நிறுவல் தொடர்ந்து நடக்கும். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று வேகமாகச் சொடுக்கிப் போகும் விரலை நம்பித்தான் இந்த வணிகம் முழுவதும் நடக்கிறது.

ஒட்டுநிரல்கள் எரிச்சலூட்டுபவை, போலித் தளங்களோ நேரடியான திருட்டு. கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் கீபாஸ் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு 2023-இல் கூகுள் தேடல் பக்கத்தின் மேலே ஒரு விளம்பரம் வந்தது. அதில் காட்டப்பட்ட முகவரியும் சின்னமும் உண்மையான கீபாஸ் தளத்துடையவை போலவே இருந்தன. சொடுக்கியவர் போய்ச் சேர்ந்த தளத்தின் முகவரியிலோ முதல் எழுத்தான ஆங்கில 'கே'யின் காலடியில் ஒரு சிறு கொக்கி ஒட்டிக்கொண்டிருந்தது. திரையில் அது தூசி படிந்ததுபோலத்தான் தெரியும். அது லாட்விய மொழியில் வழங்கும் தனி எழுத்து. ஆங்கிலமல்லாத எழுத்துகளையும் இணைய முகவரியில் அனுமதிக்கும் ப்யூனிகோட் என்ற முறை, தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கு இடம் கொடுக்க வந்த நல்ல ஏற்பாடு. அதையே மோசடிக்காரர்கள் இப்படித் திருப்பிக்கொண்டார்கள். கடவுச்சொற்களைக் காக்கும் நிரலைத் தேடி வந்தவரிடமே தீநிரலைக் கொடுத்தது இதன் கொடுமை. விஎல்சி, 7-ஜிப், ஓபிஎஸ் போன்ற பலரும் தேடும் பெயர்களுக்கும் அதே ஆண்டில் போலி விளம்பரங்கள் முளைத்தன. எனவே தேடல் முடிவுகளில் 'விளம்பரம்' என்ற குறியோடு மேலே நிற்பதைச் சொடுக்காமல் கீழே இறங்கிப் பார்ப்பது, இந்த விஷயத்தில் எந்த வைரஸ் எதிர்ப்பு நிரலையும்விடக் கூடுதலான காப்பு.

நிரலின் உண்மையான முகவரியைக் கண்டறிய விக்கிப்பீடியாக் கட்டுரையின் பக்கவாட்டுப் பெட்டி பெரும்பாலும் உதவும். ஏற்கெனவே நிரலை வைத்திருக்கும் நண்பரின் கணினியில் 'ஹெல்ப்' பட்டியலைத் திறந்தால் அங்கேயும் முகவரி இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் ஐயம் தீரும். ஒரு முறை சரிபார்த்த முகவரியைப் பிரவுசரில் குறித்துவைத்தால் மறுமுறை தேட வேண்டியதில்லை.

உண்மையான முகவரி தெரிந்தும் அங்கே போக முடியாத நிலையும் இந்தியாவில் ஏற்பட்டிருக்கிறது. பாரிஸ் பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டமாக 1996-இல் தொடங்கி, 2001-இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்த விஎல்சியின் அதிகாரபூர்வத் தளம், 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து பல மாதங்கள் இந்தியாவில் திறக்கவில்லை. தடைக்கான காரணம் முன்கூட்டி அறிவிக்கப்படவும் இல்லை. விஎல்சியை நடத்தும் வீடியோலேன் அமைப்பு அக்டோபரில் சட்ட அறிவிப்பு அனுப்பிய பின், நவம்பரில் தடை விலக்கப்பட்டது. கணினியில் நிரல் இருந்தவர்களுக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. புதிதாகத் தேடியவர்களுக்கு எஞ்சியிருந்தவை இடைத்தரகுத் தளங்களே. பாதுகாப்பின் பெயரால் போடப்பட்ட ஒரு தடை, பாதுகாப்பான வாசலை அடைத்து மக்களைச் சந்துகளுக்குத் திருப்பிவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

அதிகாரபூர்வத் தளமே நஞ்சூட்டப்பட்ட சம்பவங்களும் உண்டு, அவற்றுக்கு மேற்சொன்ன எச்சரிக்கைகள் போதா. கணினியில் சேரும் குப்பைகளைத் துடைக்கும் சிகிளீனரின் 5.33 பதிப்பு, 2017 ஆகஸ்ட் நடுவிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம், தயாரித்த நிறுவனத்தின் சொந்தச் சர்வரிலிருந்தே தீநிரலைச் சுமந்து இறங்கியது. அதில் நிறுவனத்தின் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பமும் இருந்தது. சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அந்தப் பதிப்பு இருந்ததாக நிறுவனமே அறிவித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் ஆப்பிள் கணினிகளுக்கான ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் நிரலுக்கு இருந்த இரு சர்வர்களுள் ஒன்று சில நாட்கள் களவாளிகளின் பிடியில் இருந்தது. அந்த நாட்களில் இறக்கியவருக்கு நல்ல கோப்பு வந்ததா கெட்டது வந்ததா என்பது பூவா தலையா கதைதான். அமெரிக்க மென்பொருள் நிறுவனமான பானிக், தன் நிறுவனர்களுள் ஒருவர் அந்த நாட்களில் ஹேண்ட்பிரேக்கை இறக்கியதால் தன்னுடைய மூலநிரல்களையே களவு கொடுத்தது.

ஹேண்ட்பிரேக் விஷயத்தில் உண்மையைக் காட்டிக்கொடுக்கக்கூடிய கருவி தளத்திலேயே இருந்தது: கோப்பின் ஹேஷ், அதாவது அதன் விரல்ரேகை போன்ற எண்கோவை. எந்தக் கோப்பையும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கீட்டுக்கு உட்படுத்தினால், 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் கலந்த 64 குறிகள் கிடைக்கும். கோப்பில் ஒரேயொரு குறி மாறினாலும் இந்தக் கோவை அடியோடு மாறிவிடும். நேர்மையான தளங்கள் பல, பதிவிறக்க இணைப்பின் அருகிலேயே இந்தக் கோவையை அச்சிட்டிருக்கும். 7-ஜிப் நிறுவப்பட்ட கணினியில் இறங்கிய கோப்பின்மீது வலப்பக்கம் சொடுக்கினால் வரும் பட்டியலிலேயே இதைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. வருகிற கோவையின் முதல் எட்டுக் குறிகளையும் கடைசி எட்டுக் குறிகளையும் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட அரை நிமிடம் போதும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. தளத்துக்குள்ளேயே புகுந்தவர் கோப்போடு கோவையையும் மாற்றிவிடலாம் என்பதால், வேறு சர்வரிலிருந்து கோப்பை இறக்கி, ஆசிரியரின் தளத்தில் உள்ள கோவையோடு ஒப்பிடும்போதே இந்தச் சோதனை வலுப்பெறுகிறது.

டிஜிட்டல் கையொப்பத்தையும் இப்படி அளந்தே மதிக்க வேண்டும். விண்டோஸில் நிறுவியைத் திறந்ததும் திரை மங்கி, கணினியில் மாற்றம் செய்ய அனுமதி கேட்கும் பெட்டி வரும்; அதில் வெளியீட்டாளர் பெயர் இருந்தால் கோப்பு கையொப்பமிடப்பட்டது, 'அறியப்படாத வெளியீட்டாளர்' என்று இருந்தால் இடப்படவில்லை. சிகிளீனரைப் போலக் கையொப்பத்தோடு நஞ்சும் வரலாம். மறுபுறம், 7-ஜிப் போன்ற மெச்சத்தக்க நிரல் கையொப்பமே இல்லாமல் பல ஆண்டுகள் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியிருப்பது தனியாளாக நிரல் எழுதுபவர்களுக்குச் சுமை. பெரிய நிறுவனத்தின் பெயரால் வந்த கோப்பில் கையொப்பம் இல்லாவிட்டால்தான் உடனே ஜன்னலைச் சாத்த வேண்டும்.

ஐயத்துக்கிடமான கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் சோதிப்பது இன்று எளிதான வழி. 2004-இல் ஸ்பெயினில் தொடங்கப்பட்டு 2012-இல் கூகுள் வாங்கிய இந்தச் சேவை, ஏறத்தாழ எழுபது வைரஸ் எதிர்ப்பு நிரல்களின் தீர்ப்பை ஒரே பக்கத்தில் காட்டும். அந்தத் தீர்ப்பைப் படிக்கத் தெரிய வேண்டும். பெயரறியாத ஒன்றிரண்டு நிரல்கள் மட்டும் சிவப்புக் காட்டினால் அது பெரும்பாலும் பொய் எச்சரிக்கை. மறந்த கடவுச்சொற்களை மீட்டுத்தரும் நிர்சாஃப்ட் கருவிகள் நேர்மையானவையாக இருந்தும் காலங்காலமாக இப்படிக் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றன. நன்கறியப்பட்ட பத்துப் பதினைந்து நிரல்கள் சேர்ந்து எச்சரித்தால் கோப்பை அழித்துவிட வேண்டியதுதான். நேற்றுப் பிறந்த தீநிரலை எவையும் அடையாளம் காணாமல் போகலாம் என்பதால், எழுபதும் பச்சையாக இருப்பது முழு நற்சான்று ஆகாது. ஏற்றப்படும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும் என்பதால், சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றலாகாது.

கிராக், கீஜென் போன்ற பெயர்களில் கிடைக்கும் திருட்டுத் திறவுகோல்களைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்கும் ஸ்டாப் வகைத் தீநிரல்கள் பரவியதே பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான். இவற்றைக் கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பாகக் கொடுத்து, கடவுச்சொல்லைப் பக்கத்திலேயே எழுதிவைப்பதும், நிறுவும் முன் வைரஸ் எதிர்ப்பை அணைக்கச் சொல்வதும் வழக்கம். பூட்டிய பெட்டிக்குள் சோதனை நிரலால் எட்டிப்பார்க்க முடியாது என்பதே அந்தப் பூட்டின் பயன். ஃபோட்டோஷாப்பின் திருட்டுப் பிரதிக்கு இவ்வளவு ஆபத்தை விலையாகக் கொடுப்பதைவிட, கிம்ப்பைப் பழகிக்கொள்ள ஒரு வாரம் செலவிடுவது மலிவு.

இவ்வளவு சோதனைகளுக்குப் பொறுமை இல்லாதவர்கள், இடையில் இருக்கும் கையையாவது நம்பத்தக்கதாகத் தேர்ந்துகொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விஎல்சி உள்ளிட்ட பல இலவச நிரல்கள் இருக்கின்றன. நைனைட் என்ற சேவை, தேவையானவற்றை டிக் செய்து கொடுத்தால் ஒவ்வொன்றின் அதிகாரபூர்வப் பதிப்பையும் கொண்டுவந்து, டூல்பார்களுக்கெல்லாம் தானே 'வேண்டாம்' சொல்லி நிறுவிக்கொடுக்கிறது. நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கி, வீட்டுப் பயனருக்கு இலவசமாகத் தருவது அதன் பிழைப்பு. இப்படி வருவாய்க்கு வழி வெளிப்படையாகத் தெரியும் இடைத்தரகரே நம்பத்தக்கவர். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குக் கட்டற்ற செயலிகளை மட்டும் வைத்திருக்கும் எஃப்-டிராய்டு, மூலநிரலிலிருந்து பெரும்பாலான செயலிகளைத் தானே உருவாக்கித் தருகிறது.

தமிழ் வாசகர் அதிகமாகத் தேடும் இலவச நிரல், பெரும்பாலும் தமிழ்த் தட்டச்சு நிரலாகத்தான் இருக்கும். தன்னார்வலர்கள் உருவாக்கிய இ-கலப்பையும், நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் ரைட்டரும் ஒரு தலைமுறைக்கே யூனிகோடில் எழுதக் கற்றுக்கொடுத்தவை. காசு எதுவும் கேட்காத அந்த உழைப்புக்குத் தமிழ் இணையம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் இன்று அவற்றின் பெயரைத் தேடினால், ஆசிரியர்களோடு தொடர்பில்லாத தளங்களும் வரிசையில் நிற்கின்றன. கூகுளின் உள்ளீட்டுக் கருவிக்கும் இதே நிலை: இணைய இணைப்பின்றி விண்டோஸில் இயங்கிய பதிப்பைக் கூகுள் விலக்கிக்கொண்ட பிறகும், அதன் நிறுவி பிறருடைய தளங்களில் தொடர்ந்து கைமாறிக்கொண்டிருக்கிறது. ஒலிபெயர்ப்பு முறையில் தமிழ் எழுதும் விசைப்பலகையை மைக்ரோசாஃப்ட் 2019 மே மாத விண்டோஸ் 10 புதுப்பிப்பிலேயே சேர்த்துவிட்டது, ஆப்பிள் கணினிகளில் தமிழ்99-உம் அஞ்சலும் வாங்கும்போதே இருக்கின்றன. அமைப்புகளில் தமிழ் மொழியைச் சேர்த்தால் போதும், இதற்காக எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை.